மாவு பொங்காத தண்ணீரும் ரூபி எஸ்தரும்

லாங் பஜாரில் கடுகு வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு செல்போனைக் காதில் வைத்தேன். ரூபியின் தம்பி சாமுவேல் பேசினான். "அக்கா, ரூபி அக்கா போய்ட்டாங்க. காலைல காபி எடுத்துனு போய் எழுப்பினேன், எழுந்துக்கல" என்றான். அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினார், வாங்கிப் பையில் போட்டேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆள் இன்னும் தினமும் கோட்டை ஓரம் காலை நடை போய்க்கொண்டிருக்கிறார், இவள் போய்விட்டாளே என்று ஆத்திரம்தான் வந்தது. அழுகை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வந்தது.

அந்த ஆள் என்றால் எங்கள் கல்லூரியின் தண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் பெயர் அச்சில் வந்தவரை போதும். இங்கே தலைவர் என்றே சொல்கிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு அவரும் வந்திருந்தார். கையில் பெரிய ரோஜா மாலை. போதகர் ஜெபம் முடித்ததும் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவருக்கு இரண்டு வார்த்தை என்றால் கால் மணி நேரம். "தோல் கழிவுநீரில் மறைந்திருந்த நஞ்சை நான் கண்டுபிடித்த காலத்தில், பாட்டில் கழுவிக் கொடுத்து எனக்கு உதவியாக இருந்தவர் ரூபி. யார் மீதும் வன்மம் வைக்கத் தெரியாத உள்ளம்" என்றார். அங்கே நின்றிருந்த உங்களில் பல பேர் தலையாட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழிக்கு முன்னால் நின்று சண்டை போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் பேனா இருக்கிறது. ரூபிக்கு வன்மம் வைக்கத் தெரியும். நன்றாகவே தெரியும், நம் எல்லோரையும்விட ஒழுங்காக வைத்திருந்தாள். அவள் பாட்டில் கழுவியது உண்மை. அந்த நஞ்சைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அதற்கு முன்னால் அந்தத் தண்ணீர் சுத்தம் என்று பொய்யான சான்றிதழ் ஒன்று எங்கள் பிரிவிலிருந்து போனது. அதைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவர், இன்னொருத்தி நான். அந்தக் காகிதம் இன்றைக்கு வரைக்கும் ரத்து ஆகவில்லை. அது ரத்தாக வேண்டும், கண்டுபிடிப்பில் ரூபியின் பெயர் ஏற வேண்டும். இந்த அஞ்சலியை அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரூபி எங்கள் பிரிவில் டெக்னீசியனாகச் சேர்ந்தாள். நான் அப்போது விரிவுரையாளர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. முதல் வாரமே என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். "மேடம்னு கூப்ட்டா நீ ரீடிங் தப்பா எழுதும்போது திட்ட முடியாது பத்மா" என்றாள். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வந்ததும் காலை உதறிவிட்டு நேராக பாட்டில்களிடம் போவாள். குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றையும் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தி இல்லை என்றால் மறுபடி கழுவுவாள்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபம் புரியாது. ஒரு தண்ணீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று பார்க்க, அந்த அழுக்கைக் கிருமிகளுக்குச் சாப்பிடக் கொடுக்கிறோம். தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் கிருமியும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, சூடு மாறாத பெட்டிக்குள் ஐந்து நாள் வைக்கிறோம். சாப்பிடுகிற கிருமி மூச்சு விடும். ஐந்தாம் நாள், பாட்டிலுக்குள் எவ்வளவு பிராணவாயு செலவாகியிருக்கிறது என்று அளக்கிறோம். அதிகம் செலவானால் அழுக்கு அதிகம், குறைவாகச் செலவானால் தண்ணீர் சுத்தம். கல்லூரியில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கே தெரிந்த பரிசோதனை இது. கிருமி சேர்ப்பதற்கு ரூபி ஹாஸ்டல் சாக்கடையிலிருந்து ஒரு குவளை மொண்டு வருவாள். "நம்ம ஹாஸ்டல் பசங்க சாக்கடைக்கு ஈடே இல்ல, ஆரோக்கியமான கிருமி" என்பாள்.

செவ்வாய்க்கிழமை பாட்டில் வைத்தால் ஐந்தாம் நாள் ஞாயிறு வரும். மற்ற எல்லோரும் அதைச் சனிக்கிழமையே அளந்து எழுதிவிடுவோம், ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று. ரூபி மட்டும் ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு பஸ் ஏறி வந்து அளப்பாள். தலைவர் ஒருமுறை, "ஞாயித்துக்கிழமை ஓய்வு நாள்னு உங்க ஆளுங்கதானம்மா சொல்லுவீங்க" என்று கிண்டல் செய்தார். "ஓய்வு எனக்கு சார், கிருமிக்கு இல்ல" என்றாள். அவர் சிரித்தார். அந்தக் காலத்தில் அவருக்கு அவளைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

இப்போது என் பங்கு. ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஒன்றுசேர்த்துச் சுத்தப்படுத்த நிலையங்கள் கட்டிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றிலிருந்து எங்களுக்குப் பரிசோதனைக்குத் தண்ணீர் வந்தது. சுத்தப்படுத்தி வெளியே விடும் தண்ணீர், கால்வாய் வழியாக நாவல்மேடு என்ற காலனியை ஒட்டிப் போகிறது. அதனால் கெடுதல் இல்லை என்று காகிதம் வேண்டும் என்றார்கள். அந்த வாரம் சாமுவேலுக்குக் கல்யாணம், ரூபி லீவில் இருந்தாள். அவள் இருந்திருந்தால் அதே தண்ணீரை நாலு விதமாக நீர்க்க வைத்து நாலு பாட்டில் போட்டிருப்பாள். அது அவள் வழக்கம். நான் நீர்க்க வைக்காமல் ஒரே ஒரு பாட்டில் போட்டேன். எனக்கு அந்த வாரம் வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

ஐந்தாம் நாள் அளந்தேன். பிராணவாயு செலவாகவே இல்லை என்று சொல்லலாம். தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாம்மா, ஒரு கிருமி கூட மூச்சு விடல. குடிக்கிற தண்ணிகூட இப்படி வராது" என்றார். சான்றிதழ் தயாரானது. பரிசோதித்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அவர் பாட்டிலைத் தொடவே இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னார். போட்டேன். காகிதம் அன்றே போய்விட்டது.

கல்யாண மஞ்சள் கையோடு ரூபி திரும்பி வந்தாள். எனக்கு லட்டு கொடுத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது.

"ஒரு பாட்டிலா?" என்றாள்.

"டைம் இல்ல பா."

"பத்மா, தோல் ஷாப்புத் தண்ணி இது. ஈரத் தோல்ல பூஞ்சை புடிக்காம இருக்க மருந்து ஊத்தறாங்க. அந்த மருந்து தோல்ல இருக்கிற கிருமிய மட்டும்தான் கொல்லுமா? உன் பாட்டில்ல இருக்கிறத தடவிக் குடுக்குமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிருமி சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் அழுக்கு இல்லாதது அல்ல, கிருமியே செத்துப்போனதுதான். செத்த கிருமி மூச்சு விடாது. நான் பிணத்தைப் பார்த்து, அமைதியாகத் தூங்குகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்தவள் செய்கிற தப்பு இது. படிக்காதவர்களுக்கு இப்படித் தப்புச் செய்யத் தெரியாது.

இரண்டு பேரும் தலைவரிடம் போனோம். மறுபடி செய்ய ஐந்து நாள் கொடுங்கள் என்று ரூபி கேட்டாள். "காகிதம் போயாச்சு. டெக்னீசியனுக்கு ரிப்போர்ட் எழுதற வேலை இல்ல, பாட்டில் வேலைதான்" என்றார். வெளியே வந்ததும் ரூபி என் கையைப் பிடித்தாள். "அவர் எழுத மாட்டார். நீ எழுது. நான் சரிபாக்கல, கையெழுத்த வாபஸ் வாங்கறேன்னு ஒரு வரி. அது போதும்" என்றாள். என் பதவி உயர்வுக் காகிதம் அப்போது தலைவர் மேஜையில் இருந்தது. யோசிச்சுச் சொல்றேன் என்றேன். எதைச் செய்யப் போவதில்லையோ அதைத்தான் மனிதர்கள் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார்கள். ரூபிக்கும் அது தெரியும். கையை விட்டுவிட்டாள்.

நாவல்மேட்டுக்காரர்கள் குழாய்த் தண்ணீர் வேண்டும், கிணறு கெட்டுப்போய்விட்டது என்று மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்கள். கழிவுநீரால் கெடுதல் இல்லை என்று கல்லூரியே சான்று கொடுத்திருக்கிறது என்று ஒவ்வொரு மனுவும் திரும்பி வந்தது. ஒருநாள் பஸ்ஸில் இந்தப் பேச்சு காதில் விழவே, ரூபி பாதி வழியில் இறங்கி அந்தக் காலனிக்கு நடந்தே போய்விட்டாள். அங்கே கன்னியம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மா ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லி விற்கிறவர். குடிக்கிற தண்ணீரைத் தூரத்திலிருந்து தலையில் சுமந்து வருவார், மாவு அரைக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். ரூபி பாட்டிலை எடுத்ததும் அவர் பேஜாராகிவிட்டார்.

"இன்னாமா டெஸ்ட்டு? ஆளாளுக்கு பாட்டில்ல மொண்டுனு போறீங்க, ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. எம் மாவைக் கேளு, அது சொல்லும். இந்தத் தண்ணில அரைச்சா மாவு பொங்கறதே இல்ல. களிமண்ணாட்டம் கெடக்குது. இட்லி ஊத்துனா தட்டுல அடிச்சா சத்தம் கேக்குது."

மறுநாள் ரூபி என்னிடம் வந்து இதைச் சொன்னபோது அவள் கண் பளபளத்தது. "நாம அஞ்சு நாள் உக்காந்து பாக்கிறத அந்தம்மா ஒரு ராத்திரில பாத்துட்டாங்க பத்மா. மாவுல இருக்கிறதும் கிருமிதானே, அது சாகுது" என்றாள். ஆனாலும் அவள் துள்ளிக் குதிக்கவில்லை. தோலுக்குப் போடுகிற உப்பு இறங்கி அந்தக் கிணற்றில் உப்பும் ஜாஸ்தி, உப்பாலும் மாவு பொங்காமல் போகலாம். அதனால் நல்ல தண்ணீரில் அதே அளவு உப்புக் கலந்து கன்னியம்மாவை அரைக்கச் சொன்னாள். அந்த மாவு மெதுவாகப் பொங்கியது, ஆனால் பொங்கியது. கிணற்றுத் தண்ணீர் மாவு அசையவே இல்லை. "மாவு சாட்சிதான், தீர்ப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, கிணற்றுத் தண்ணீரையும் கால்வாய்த் தண்ணீரையும் கொண்டுவந்து பாட்டில்களில் அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனைக்கூடத்துச் சாவி அவளிடம்தான் இருக்கும். பல மாதம் செய்தாள். தண்ணீரை எவ்வளவுக்கெவ்வளவு நீர்க்க வைத்தாளோ, அவ்வளவுக்கவ்வளவு அழுக்கு கணக்கில் ஏறியது. நீர்க்க நீர்க்க நஞ்சு கம்மியாகி, கிருமி பிழைத்துச் சாப்பிட ஆரம்பித்தது. நான் போட்ட ஒற்றைப் பாட்டில் எவ்வளவு பெரிய பொய் என்று அந்த நோட்டில் வரிசையாக இருந்தது. அவள் செய்வதைக் கண்டும் காணாமலும் இருந்தேன். அதைத் துணிச்சல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மனுவை விசாரிக்க அதிகாரி ஒருவர் ஆம்பூரில் கூட்டம் போட்டார். தலைவர் போனார், நானும் கோப்புத் தூக்கிக்கொண்டு போனேன். லீவு போட்டுவிட்டு ரூபி கன்னியம்மாவோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா காலடியில் இரண்டு தூக்குச்சட்டி. தலைவர் எழுந்து ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினார். இந்தத் தண்ணீரில் ஒரு கிருமி கூட இல்லை என்று அவர் சொல்லி முடித்ததும் ரூபி எழுந்தாள்.

"சார் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைங்க. கிருமி கூட இல்ல. கிருமியே உயிர் வாழ முடியாத தண்ணில இவங்க வாழறாங்க, அதத்தான் மனுவுல எழுதியிருக்காங்க" என்றாள்.

கன்னியம்மா இரண்டு சட்டியையும் மேஜைமேல் வைத்துத் திறந்தார். ஒன்றில் மாவு விளிம்பைத் தாண்டி வழிந்திருந்தது. மற்றதில் ஊற்றின இடத்திலேயே தட்டையாகக் கிடந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். உளுந்து சரியில்லாமல் இருக்கலாம் என்றார் தலைவர். கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உளுந்து ஒண்ணு, அரிசி ஒண்ணு, ஆட்டுக்கல்லு ஒண்ணு, அரைச்ச கையும் ஒண்ணுதான் சார். தண்ணிதான் ரெண்டு. உப்பு தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல உப்பு கொட்றவன் ஒருத்தன், குடிக்கிறது நாங்களா?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தலைவரின் காது சிவந்துபோனது. ரூபி அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் முகத்தில் அன்றைக்குக் கருணை எதுவும் இல்லை. தட்டில் பிடித்ததை வைத்தால் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முகம் வருமே, அப்படி இருந்தாள். தன் நோட்டிலிருந்து நகல் எடுத்த தாள்களை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த சில மாதங்களில் நாவல்மேட்டுக்குக் குழாய் வந்தது. கோப்பில் காரணம் என்ன எழுதினார்கள் தெரியுமா? மக்கள் தொகைப் பெருக்கம். சான்றிதழ் அப்படியே இருந்தது. கழிவுநீரும் அந்தக் கால்வாயிலேயே போய்க்கொண்டிருந்தது, நிலையத்துக்காரர்கள் அந்தச் சான்றிதழைக் காட்டி மறுபடி மறுபடி அனுமதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்த வாரமே ரூபியைக் கண்ணாடிச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. உடைந்ததையும் இருப்பதையும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். பரிசோதனைக்கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், நோட்டையும் பிரிவின் சொத்து என்று வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ரூபி வாழ்த்துச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்கார்ந்தாள், பேசினாள், தன் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனையைக் காட்டி என்னைச் சீண்டினாள். அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

சில வருஷம் கழித்துத் தலைவர் ஒரு ஆய்விதழில் கட்டுரை எழுதினார். தோல் கழிவுநீரில் இருக்கும் கிருமிக்கொல்லிகள் பரிசோதனை முடிவையே எப்படிப் பொய்யாக்குகின்றன என்று கட்டுரை. ரூபியின் நோட்டில் இருந்த வரிசை, பாட்டில் விவரம், எல்லாம் அப்படியே இருந்தது. எழுதியவர் ஒருவரே. நன்றி சொல்லும் இடத்தில்கூட அவள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகலை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினேன். ரூபி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு நிதானமாகப் படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். ரூபி தன் நோட்டில் ஒவ்வொரு தண்ணீரையும் எங்கே எடுத்தாள் என்பதற்கு ஆள் பேரைத்தான் எழுதுவாள். கிணற்றுக்குக் கன்னியம்மா என்று எழுதியிருந்தாள். காலனிப் பக்கமே போகாத தலைவர் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்துவிட்டார். கன்னியம்மா என்ற கிராமத்தின் கிணற்று நீர் என்று கட்டுரையில் எழுதி, அந்தக் கிராமம் பாலாற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்றும் போட்டிருந்தார். இல்லாத ஊருக்குத் தூரம் அளந்த மனிதர் அவர்.

"இதழுக்கு எழுதிப் போடறேன், மானத்தை வாங்கறேன்" என்று குதித்தேன்.

"வேணாம். திருத்தாத. அச்சுல இருக்கட்டும். அவர் செத்தாலும் அது இருக்கும்" என்றாள் ரூபி. "நீ எழுத வேண்டியது அது இல்ல" என்றும் சொன்னாள். அப்போதும் எனக்கு விளங்காத மாதிரி நின்றேன்.

அதற்குப் பிறகு ரூபி செய்ததுதான் அவளுடைய பழி. எந்தக் கருத்தரங்கு என்றாலும், தலைவர் பேசி முடித்துக் கேள்வி உண்டா என்று கேட்டால், பின்வரிசையிலிருந்து கண்ணாடி அறை ரூபி எழுந்து நிற்பாள். மரியாதையாகக் கேட்பாள்: "சார், கன்னியம்மா கிராமத்துக்கு எந்த பஸ் போகும்?" முதல் தடவை உள்ளூர் பஸ்தான் என்றார். அடுத்த தடவை இப்போது பஸ் நின்றுவிட்டது என்றார். அவர் ஓய்வு பெறும் விழாவில் மாலையும் கழுத்துமாக இருந்தபோதும் கேட்டாள். அந்த ஊருக்கு இப்போது பெயர் மாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றார். மண்டபத்தில் விவரம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டோம். வடை தின்றுகொண்டிருந்த மற்றவர்கள், ரூபிக்கு ஊர்கள் மேல் என்ன ஆசை என்று நினைத்திருப்பார்கள். கன்னியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எம் பேர்ல ஊரா? அப்ப பட்டா எம் பேர்ல குடுக்கச் சொல்லு" என்றாராம்.

இது சின்னத்தனம் என்று யாராவது சொன்னால், சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு டெக்னீசியனிடம் நோட்டைப் பிடுங்கி, சாவியைப் பிடுங்கி, கண்டுபிடிப்பையும் பிடுங்கினால், அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு கேள்வி. அதை அவள் வருஷக்கணக்கில் கூர் மழுங்காமல் வைத்துக் குத்தினாள். அவர் அவளைக் கண்டால் நடைபாதையில் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் குளிர்கிறது.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இருவருமே ஓய்வு பெற்றிருந்தோம். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன்.

"ரூபி, என்ன மன்னிச்சிட்டியா?"

அவள் அவசரப்படவில்லை. "மன்னிக்கிறது கர்த்தர் டிபார்ட்மென்ட் பத்மா. நான் டெக்னீசியன். ரிசல்ட் என்ன வந்துதோ அதத்தான் சொல்ல முடியும்" என்றாள்.

"இன்னா பா இது, இத்தன வருஷம் ஒண்ணா சாப்ட்டோமே."

"சாப்ட்டோம். அது வேற, இது வேற. அந்த ஒரு வரிய எழுதிட்டு வா."

ரிட்டயர் ஆன பிறகு எதற்கு என்றேன். "பென்ஷன நிறுத்திடுவாங்கன்னு பயமா?" என்றாள். பயம்தான். அதைச் சொல்லாமல் சாத்துக்குடியை உரித்தேன். அவள் சுளையை வாங்கிச் சாப்பிட்டாள். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றதும் எழுந்துவிட்டேன். "வர்றேன் பா" என்றேன். "எழுதிட்டு வா" என்றாள். நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அவள் வீட்டு வாசல் வழியாகப் போனேன், வெறும் கையோடு உள்ளே போக முடியாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது கல்லறைத் தோட்டத்தில் தலையாட்டியவர்களுக்குச் சொல்கிறேன். மன்னிப்பைப் பற்றிப் போதகர் நன்றாகப் பேசினார், அவர் மேல் குறை இல்லை. ஆனால் ரூபி எஸ்தர் எங்கள் இருவரையும் மன்னிக்காமல்தான் போனாள். அவளைச் சாந்த சொரூபியாக்கி மாலை போட்டு மூடிவிடாதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் நாங்கள், அவள் கடைசி வரை அந்தச் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தவள். தலைவர் அவர்களே, இதன் நகல் பதிவுத் தபாலில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. கல்லூரிக்கும் அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இனி நீங்கள் எந்த மேடையில் ஏறினாலும் பின்வரிசையில் நான் இருப்பேன். பஸ் எது என்று நான் கேட்பேன்.

ரூபியின் நோட்டு என்னிடம் இல்லை, போட்டோவும் இல்லை. அவள் எனக்குக் கொடுக்காத மன்னிப்பு மட்டும்தான் இருக்கிறது. யாராவது வந்து, அவள் உள்ளுக்குள் மன்னித்திருப்பாள் என்று ஆறுதல் சொன்னால் நான் கேட்க மாட்டேன். அவள் கேட்ட வரியை, அவள் இல்லாத இந்த வாரத்தில், கீழே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

நாவல்மேட்டுக் கால்வாய் நீருக்குக் கொடுத்த சான்றிதழில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தவள் ரூபி எஸ்தர்.

பத்மாவதி